மஞ்சள் கல்

ஆண்டவரே,
அந்த மஞ்சள் கல்லை நட்டது நீர்தான் என்று
நான் நம்பினேன்.

பள்ளியாடிக்கு மேற்கே எங்கள் பதினெட்டு சென்டில்
ரப்பர் மூட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே
சர்வேக்காரர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை ஊன்றிப் போனார்கள்.
அன்று காலைதான் உபவாசம் தொடங்கியிருந்தேன்.
வழி காட்டும் என்று கேட்ட வாய் மூடுமுன்
வாசலிலேயே நாலுவழிச் சாலை.
யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

இருபத்திரண்டு மூடு வெட்டினேன்.
கூட்டுறவு வங்கியில் ஆறு லட்சம்.
மின்னு நீங்கலாக றெஜிலாவின் கழுத்தும் கையும்
கருங்கல் அடகுக்கடையில்.
எட்டு மேசை, முப்பத்திரண்டு நாற்காலி,
எபெனேசர் ஓட்டல் என்று நீல எழுத்தில் ஒரு போர்டு.
ஜெபிக்க வந்த போதகர் றசல்தாஸ்
நெய்ச்சோறு சாப்பிட்டுக் கைகழுவியபடி
திரளான ஜனங்கள் வருவார்கள் என்றார்.

வந்தது மண்.
லாரி லாரியாகச் செம்மண்.
குளத்தை மூடி, வாழையை மூடி,
என் கூரைக்கும் மேலே எழும்பி
சாலை மானத்தில் போனது.
இறங்கும் வழி ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி
யாரோ ஒருவரின் தென்னந்தோப்புக்கு எதிரே.
அவர் என்ன ஜெபித்தாரோ.

அதற்குப் பிறகு நான் உம்மிடம் நேராகப் பேசவில்லை.
சபையில் எழும்பச் சொன்னால் எழும்பினேன்,
இருக்கச் சொன்னால் இருந்தேன்.
புதுவருஷ ராத்திரி வாக்குத்தத்த அட்டை எடுக்கப் போகாமல்
செருப்பு கிடக்கும் வாசலோரம் நின்றேன்.
றெஜிலா எனக்கும் சேர்த்து ஒன்று எடுத்து
மாவு டப்பாவுக்குள் போட்டு வைத்தாள்.
என்ன எழுதியிருக்கிறது என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

தேவசித்தம் என்றார்கள்.
வட்டிக்காரன் அந்தச் சொல்லைச் செலவுக் கணக்கில் ஏற்றமாட்டான்.
உம்மிடம் எனக்கு ஒரே வழக்குதான்:
கல் உம்முடையது இல்லையென்றால்
அன்றைக்கே சொல்லியிருக்கலாமே.
ஒரு பல்லி கத்தியிருந்தால்கூடப் போதும்,
விசுவாசி என்றும் பார்க்காமல் நம்பியிருப்பேன்.

ஐப்பசியில், கரண்டு போன ஒரு சாயங்காலம்,
மேலே வேலைசெய்தவர்கள் ஒன்பது பேர்
ஜார்க்கண்டோ ஒடிசாவோ
செம்மண் சரிவில் உட்கார்ந்தபடியே வழுக்கி
எங்கள் பின்வாசலில் வந்து விழுந்தார்கள்.
ஒருவன் பெருவிரலை வாய்க்கு நேரே சரித்துக் காட்டினான்.
தண்ணியா, சாயாவா, தெரியவில்லை.

ஓட்டல் பூட்டிக் கிடந்தது.
மேசைகளை விலைபேச மறுநாள் ஆள் வருவதாக இருந்தது.
றெஜிலா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.
வெட்டிப்போட்ட ரப்பர் விறகு நன்றாகக் காய்ந்திருந்தது.
கட்டன்சாயா, அவித்த மரச்சீனி, காந்தாரி மிளகுச் சம்மந்தி.
பாஷை இல்லாமல் தின்றார்கள்,
ஒரு பையன் மட்டும் காரத்தில் அழுதுகொண்டே சிரித்தான்.
போகும்போது ஈர நோட்டுகளைப் பிரித்துப் பிரித்து வைத்தார்கள்,
இருநூற்று எழுபது ரூபாய்.

இதுதான் பதிலா?
அஞ்சாம் தேதி வங்கிக்கு இது காணாது.
சாலை முடிந்தால் இவர்களும் போய்விடுவார்கள்.
மேசைக்கு வந்த ஆளிடம்
அடுத்த மாசம் பார்ப்போம் என்றேன்,
அவ்வளவுதான்.

பிறகு கடப்பாரையை எடுத்து
யாருக்கும் வேண்டாத அந்த மஞ்சள் கல்லைப் பெயர்த்தேன்.
உள்ளே இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.
எண் எழுதிய பக்கம் மண்ணுக்குள் போக
சரிவின் அடியில், அவர்கள் கால் தேடும் இடத்தில்
கிடத்தினேன்.

றெஜிலா அதன்மேல் ஏறி நின்று
சேலையைப் பிடித்தபடி மெல்லக் குதித்துப் பார்த்தாள்.
"ஆடுது. ஒரு சில்லு முட்டுக் குடுக்கணும்.
இது ஒண்ணு காணாது,
இன்னும் ரெண்டு கல்லு வேணும்."

வேணும், ஆண்டவரே.
இன்னும் ரெண்டு.